கருவாட்டு வண்டியின் வசவு

அருளானந்தத்தின் கருவாட்டு வண்டி ஒரு தெருவுக்குள் நுழைந்தால், அந்தத் தெருப் பெண்கள் திட்டு வாங்குவதற்காகவே வாசலுக்கு ஓடி வருவார்கள். வந்த இடத்தில் கருவாடும் வாங்குவார்கள், அது அடுத்தது. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான். ஆனால் இதில் கூட்டியது கால்வாசிகூடத் தேறாது. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இழவு வீட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள், வண்டிச் சத்தம் கேட்டதும் பிணத்திடம் "இந்தா வந்துர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போய் நெத்திலி வாங்கி வந்தார்கள் என்று வண்டி ஓட்டுகிறவன் மாதா மேல் சத்தியம் செய்தான். செத்தவரும் தலையைத் தூக்கிப் பார்த்தார் என்பது மட்டும் நான் சேர்த்தது.

வண்டியின் தலையில் கட்டிய குழாய் இப்படிப் பேசும்:

"ஏத்தா, வீட்டுக்குள்ள என்னத்தப் பண்ற? அடுப்புல கொதிக்கிறது குழம்பா, சட்டி கழுவுன தண்ணியா? உன் புருசன் மூஞ்சத் தூக்கிட்டுப் போறான்னா அவன் மேல தப்பில்லத்தா, உன் கையி மேல தப்பு. எந்திரிச்சு வா. சீரியல்ல அழுகுறவ நாளைக்கும் அழுவா, எங்கயும் ஓடிப்போயிற மாட்டா. நெத்திலி வந்திருக்கு, வாளை வந்திருக்கு. நாக்குல நரம்பு மிச்சம் இருக்கிறவ எல்லாம் வா."

இந்தக் குரல் ஹெலனுடையது. பாம்பனில் அருளானந்தத்தின் கருவாட்டு மண்டியில் மீன் தரம் பிரிக்கிற வேலை ஹெலனுக்கு. முன்பெல்லாம் குழாயில் அருளானந்தமே பேசுவார். "அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்கி இருமலில் முடிப்பார். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒரு சாயங்காலம் தொண்டை கட்டிப்போய், செல்போனை ஹெலன் கையில் கொடுத்து, "நீ எதையாவது பேசுத்தா" என்றார். அவள் பேசினாள். அன்றிலிருந்து மண்டியின் கூரை ஓலை தகரமானது, தகரம் காங்கிரீட் ஆனது. வண்டி ஒன்று நாலானது.

நாலு வண்டியும் பாலத்தைத் தாண்டி உள்நாட்டுக்குத்தான் போகும். எங்கள் தீவில் குழாய் கட்டிக் கருவாடு விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. அதனால் ஜில்லா முழுக்கத் தெரிந்த வசவு எங்கள் ஊர்க் காதில் மட்டும் விழுந்ததில்லை.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது அருளானந்தத்தின் மகன் சகாயவினோத் சென்னையில் வியாபாரப் படிப்பை முடித்துவிட்டு வந்தான். வந்ததும் நாலு வண்டியிலும் அப்பாவின் முகத்தை லாரி டயர் அகலத்துக்குப் போட்டு, கீழே எழுதினான்: 'சிந்தனை, ஆக்கம்: அருளானந்தம்.' அந்த மனிதர் வாழ்நாளில் ஆக்கியது சகாயவினோத் ஒருவனைத்தான். சிந்தித்திருந்தால் அதையும் தவிர்த்திருப்பார்.

ஹெலன் போய்க் கேட்டாள். "தம்பி, ஓரமா எம்பேரையும் போடக்கூடாதா? சின்ன எழுத்துலதான் இருக்கட்டுமே."

"சம்பளம் வாங்குறவுகளுக்குப் பேரு எதுக்குக்கா? அதான் சம்பளத்துல சேர்ந்திருச்சுல்ல" என்றான் அவன்.

மறுநாளே அவள் வேலைக்கு முழுக்குப் போட்டாள். கழுத்தில் கிடந்ததை அடகு வைத்து ஒரு பழைய லோடு ஆட்டோ வாங்கி, கருவாடு ஏற்றி, குழாய் கட்டிக்கொண்டு பரமக்குடிப் பக்கம் கிளம்பினாள். புருசன் ஜெயபால் கடலில் இருந்தான். வீட்டில் புயல் சின்னம் தெரிந்தாலே கடலுக்குப் போய்விடுகிற புத்திசாலி அவன்.

முதல் தெருவிலேயே வினை. அவள் நுழைந்த தெருவில் அருளானந்தத்தின் வண்டி முன்னால் நின்றது. அதிலிருந்து பதிவான ஹெலன் திட்டினாள். பின்னாலிருந்து உயிருள்ள ஹெலன் திட்டினாள். ஒரே வசவு இரண்டு பக்கமும் இடித்ததில் தெரு நாய்கள் எந்தப் பக்கம் குரைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டன. பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், முன்வண்டியில் போய் வாங்கினார்கள்.

"நான்தான்த்தா ஹெலன். இங்கன பாரு, என் வாயி அசையுது பாரு" என்று இவள் கத்தினாள்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக. அசலு அந்த வண்டியில போகுது. இது மிமிக்ரி" என்றாள் ஒருத்தி. "நல்லாத்தான் பண்றே. ஆனா அந்தம்மா மாதிரி வரல."

சரக்கு அப்படியே திரும்பி வந்தது. கருவாடு என்பதால் தாங்கியது. பச்சை மீன் என்றால் வழியெல்லாம் காக்கைகள் ஊர்வலம் வந்திருக்கும். வீட்டுக்கு வந்தால் செல்போனில் சகாயவினோத் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் காத்திருந்தது. மேற்படிச் சொற்களையோ, மேற்படிச் சொற்களின் ஏற்ற இறக்கத்தையோ, 'ஏத்தா' என்னும் விளியையோ ஹெலன் இனிமேல் வியாபாரத்தில் பயன்படுத்தக் கூடாதாம். 'ஏத்தா'வுக்குத் தடை வாங்கினால் ராமநாதபுரம் ஜில்லாவில் பாதிப் பேர் ஊமையாகிவிடுவார்கள். மீதிப் பேர் ஆண்கள். அவர்கள் ஏற்கெனவே வீட்டில் பேசுவதில்லை.

என்னிடம் வந்தாள். நான் முன்சீப் கோர்ட்டில் கேஸ் கட்டுச் சுமந்து ரிட்டயர் ஆனவன். ஊரில் எனக்குச் சட்டம் தெரியும் என்று ஒரு வதந்தி உண்டு. அதை நான் மறுத்ததில்லை.

"சார், நான் பேசுனத நானே பேசக்கூடாதாமே. இந்த வாயி இல்லன்னா எனக்கு வியாபாரம் ஏது? கழுத்துல கிடந்ததும் போச்சு. ஆட்டோவ வித்துட்டு, திரும்ப அவுக மண்டி வாசல்லதான் போயி நிக்கணும்."

"உன்னை எதுக்கு வேலைக்கு வச்சாரு?"

"மீன் தரம் பிரிக்க."

"அப்பப் பேசுறது உன் வேலையில்ல. அது நமக்குச் சாதகம். எங்க வச்சுப் பேசுன?"

"மண்டியில. அவுக போன்ல. அவுக வண்டிக்காக. அவுக பேசச் சொல்லித்தான்."

"அது அவுகளுக்குச் சாதகம்" என்றேன். "வேலைக்கு இருக்கிறவுக, வேலையோட வேலையா ஒண்ண உண்டாக்குனா, அது முதலாளிக்குப் போகும். வேற மாதிரி முன்னாடியே பேசி வச்சிருந்தாத்தான் தப்பிக்கலாம். பேசி வச்சியா?"

"கருவாட்டு மண்டியில எவன் சார் அதெல்லாம் பேசி வைப்பான்? டீ குடிக்கப் போகலாமான்னு கேக்குறதுக்கே அங்க ஒரு தைரியம் வேணும்."

"அது போகட்டும். இந்த வசவெல்லாம் உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்கேருந்து வரும்? என் மூளையில இருந்துதான்."

மண்டி நேரத்தில் ஓடிய மூளை என்றால் அதுதான் இருப்பதிலேயே மோசமான பதில் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. மூளையில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தாள்.

கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும். எனவே வாவு முகம்மதுவின் ஐஸ் கம்பெனியில் வைத்துப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. வாவு முகம்மது இரண்டு பக்கத்துக்கும் ஐஸ் விற்கிறவர். அதனால் இரண்டு பக்கத்திலும் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வார். அருளானந்தம் வெள்ளை வேட்டியில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சகாயவினோத் நின்றுகொண்டே பேசினான். அவன் படித்த படிப்பில் உட்கார்ந்து பேசச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

"எங்க இடம், எங்க போன், எங்க சம்பளம். அந்த நேரத்துல அவுக உருவாக்கினது எல்லாமே கம்பெனி சொத்து" என்றான்.

வாவு முகம்மது தாடியைத் தடவினார். "அப்படின்னா எங்கிட்ட வேலை பாக்குறவன் ஐஸ் உடைக்கும்போது தும்முனா, அந்தத் தும்மலும் எனக்கா தம்பி?"

"தும்மல் படைப்பு இல்ல பாய்."

"அவன் தும்மி நீ பாத்ததில்ல."

ஐஸ் உடைக்கிறவர்கள் சிரித்தார்கள். சகாயவினோத்துக்குக் கோபம் வந்தது. படைப்பு என்றால் என்னவென்று காட்டுகிறேன் என்று வெளியே போனான். அவன் சாட்சியாகக் கொண்டு வந்தது வண்டியையே. செல்போனில் போட்டுக் காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. படித்த பிள்ளை, எதையும் முழு அளவில் செய்கிறவன். குழாயைத் திறக்கிற அளவுக்குத் திறந்துவிட்டான்.

அந்த வசவு முதல்முறையாகத் தீவில் ஒலித்தது. ஐஸ் கம்பெனி அதிர்ந்தது, படகுத் துறை அதிர்ந்தது. பாலத்தில் போன ரயில் நின்று கேட்டது என்று சொல்லமாட்டேன், மெதுவாகப் போனது. பாலத்தில் அது எப்போதும் மெதுவாகத்தான் போகும்.

"பாத்தீங்களா பாய், இதுதான் படைப்பு" என்றான் சகாயவினோத்.

"நாக்குல நரம்பு மிச்சம் இருக்கிறவ எல்லாம் வா" என்று குழாய் முடித்தது. அழைப்பு கேட்டதுபோல ஒரு அம்மா வந்தார். முழங்கை வரைக்கும் மீன் செதில், கையில் காலி அன்னக்கூடை. படகுத் துறையில் பச்சை மீன் விற்கிற ஜெபமாலை. ஹெலனின் மாமியார்.

"எவன்லே அது? என் வாயத் தூக்கிக் குழாயில போட்ட எடுபட்ட பய எவன்லே?"

சகாயவினோத் பொறுமையாகச் சொன்னான். "பெரியம்மா, இது எங்க கம்பெனி விளம்பரம். உங்க மருமக பேசினது."

"விளம்பரமா? ஏலே, சட்டி கழுவுன தண்ணின்னு சொன்னது நான்லே. இவ வாக்கப்பட்டு வந்த மறுவாரம் ஒரு திருக்கைக் குழம்பு வச்சா. அதுக்குச் சொன்னது. என் மகன் மூஞ்சத் தூக்கிட்டுப் போனது அன்னைக்குத்தான். சீரியல்ல அழுகுறவ நாளைக்கும் அழுவான்னது, பாலு பொங்கி அடுப்பு அணைஞ்ச அன்னைக்கு." கூடையைக் கீழே வைத்துவிட்டு ஹெலன் பக்கம் திரும்பினார். "ஏண்டி, வீட்டுல வாயத் தொறக்காம ஊமையா நின்னு கேட்டியே. பொறுமைசாலின்னுல நினைச்சேன். மனப்பாடம் பண்ணிக்கிட்டா நின்ன? என்னைய மைக்கு வச்சு ஊர் ஊரா நக்கல் பண்ணவா?"

ஹெலன் ஐஸ் பாளத்தைப் பார்த்தாள்.

எனக்கு உள்ளுக்குள் ஆனந்தக் கூத்து. வெளியே முகத்தை நீதிபதி மாதிரி வைத்துக்கொண்டேன். ஏனென்றால் கயிறு ஹெலனின் கழுத்தில்தான் இருந்தது, இரண்டு முனையும் அவள் கையிலேயே இருந்தது. "கிழவி பொய் சொல்லுது, நானே யோசிச்சது" என்றால் வசவு அருளானந்தத்துக்குப் போய்விடும்; ஆட்டோவை விற்க வேண்டியதுதான். "ஆமாம், அவுக வஞ்சதுதான்" என்றால் வேலைக்காரி உண்டாக்காத ஒன்றை முதலாளி தனதென்று கேட்க முடியாது. தப்பித்தாள். ஆனால் ஜில்லாவே கொண்டாடிய அந்த வாய் தன்னுடையதில்லை, மாமியாருடையது என்று மாமியார் முன்னாலேயே சொல்ல வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்தில் இப்படி ஒரு தண்டனையை எழுத வெள்ளைக்காரனுக்கே மனம் வரவில்லை.

"ஹெலன், உண்மையச் சொல்லுமா" என்றார் வாவு முகம்மது. "நீ யோசிச்சதா, உன் மாமியா வஞ்சதா?"

ஐஸ் உருகுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டதா தெரியாது.

"அவுக வஞ்சதுதான்" என்றாள் ஹெலன், ஐஸைப் பார்த்தபடியே. "ஒரு சொல்லுகூட என்னுது இல்ல. நெத்திலி, வாளைன்னு பேரு போட்டது மட்டும்தான் நான்."

சகாயவினோத் துள்ளினான். "இது ஏமாத்து வேலை பாய். ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சிருக்காங்க."

"மாமியாளும் மருமகளும் பேசி வச்சுக்கிறதா?" வாவு முகம்மது அவனை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, நீ என்ன படிப்பு படிச்ச?"

ஆனாலும் நியாயஸ்தர் என்பதால் ருசு கேட்டார். "ஜெபமாலைக்கா, இது உங்களுதுன்னா குழாயில வராத மீதி கொஞ்சம் இருக்கும்ல. அதைச் சொல்லுங்க."

"எம்புட்டுச் சொல்லணும்?"

"ரெண்டு வரி போதும்."

ஜெபமாலை முந்தானையைச் செருகிக்கொண்டு தொடங்கினார். முதல் வரியில் ஐஸ் உடைக்கிறவர்கள் சம்மட்டியைக் கீழே வைத்தார்கள். இரண்டாம் வரியில் வாவு முகம்மது "அஸ்தஃபிருல்லாஹ்" என்று காதைப் பொத்திக்கொண்டார். மூன்றாம் வரி கேட்கப்படவில்லை, ஆனாலும் வந்தது. அதில் சகாயவினோத்தின் படிப்பும், அதற்கு அவனை அனுப்பிய தகப்பனின் புத்தியும், அந்தப் புத்தியைப் பெற்றுப் போட்ட வம்சமும் கருவாடாகக் காய்ந்தன. இங்கே எழுதினால் இந்தத் தாள் பற்றிக்கொள்ளும். படைப்பு அவருடையது என்பதில் அங்கே ஒரு ஈக்குக்கூடச் சந்தேகம் மிச்சமில்லை.

அதுவரை வாய் திறக்காத அருளானந்தம் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். வியாபாரி. "ஜெபமாலை, நீ இந்த வெயில்ல கூடை சுமந்து என்னத்தக் கண்ட? நம்ம மண்டிக்கு வேலைக்கு வந்துரு. உக்காந்து பேசுனாப் போதும்."

"வந்தா?"

சகாயவினோத் முந்திக்கொண்டான். "நீங்க பேசுறதெல்லாம் கம்பெனிக்கு. முன்கூட்டியே எல்லாம் தெளிவாப் பேசிக்குவோம்."

"மண்டியில பேசுறதா, வீட்டுல பேசுறதுமா?"

அவன் யோசித்தான். அங்கேதான் படிப்பு அவனைக் கவிழ்த்தது. "வேலை சம்பந்தப்பட்டதா இருந்தா, வீட்டுல பேசுறதும்தான்."

"அப்ப என் மருமகள நான் வையணும்னா உங்கிட்டக் கேட்டுட்டு வையணும்?"

"கேக்க வேண்டியதில்ல பெரியம்மா. ஆனா அது எங்களுதா இருக்கும்."

"போலே அங்கிட்டு" என்றார் ஜெபமாலை. "என் மருமகள நான் ஓசியிலதான் வைவேன். உங்கப்பன் கூலி குடுத்து அவள வையிற அளவுக்கு என் குடும்பம் தாழ்ந்து போகல."

"குரலு? பதிவான குரல் எங்களுதுதானே?" கடைசிக் கயிற்றைப் பிடித்தான் அவன்.

"வச்சுக்க. வார்த்தைய உருவிட்டுக் குரல மட்டும் வச்சுக்க. தெருத் தெருவா ஓன்னு விட்டுக்கிட்டுப் போ."

வாவு முகம்மது அதையே தீர்ப்பாகச் சொல்லிவிட்டார். சட்டப்படி இது நிற்குமா என்று என்னைப் பார்த்தார். தாராளமாக நிற்கும் என்றேன். மேல்முறையீட்டுக்குப் போகிறவர் ஜெபமாலையைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவைத்தேன். அருளானந்தம் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஹெலன் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு மாமியாரிடம் போனாள். "மாமி, நான் அதச் சொல்லி வித்துக்கிறட்டுமா?"

"வித்துக்க. ஆனா குழாயில முதல்ல எம்பேரு வரணும். எங்க மாமி ஜெபமாலை சொல்றாகன்னு சொல்லிட்டுத்தான் பேசணும். ஒவ்வொரு தெருவுலயும்."

"ஒவ்வொரு தெருவுலயுமா?"

"ஏன், ஓரமா சின்ன எழுத்துல சொல்லலாம்னு பாத்தியா?"

பெயர் போடவில்லை என்று வேலையை உதறியவள் அவள்தானே. தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலைப் பார்த்ததற்கே எனக்கு இன்னொரு பென்சன் கொடுத்தது போலிருந்தது.

இப்போது அருளானந்தத்தின் வண்டிகளில் சகாயவினோத்தின் குரல் ஓடுகிறது. "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களே, தரமான உலர் மீன் வகைகள்" என்கிறான். ஒரு கிராமத்தில் பாங்கிலிருந்து கடன் வசூலிக்க வந்துவிட்டார்கள் என்று ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போய்விட்டார்களாம். ஹெலனின் ஆட்டோ மட்டும் சரக்கெல்லாம் விற்றுக் காலியாகத் திரும்புகிறது. "எங்க மாமி ஜெபமாலை சொல்றாக" என்று அவள் தொடங்கினாலே பெண்கள் கூடிவிடுகிறார்கள். கூடியவர்கள் "அந்தம்மாவ ஒரு தடவை கூட்டிட்டு வாயேன், ஆத்தா கையால ஒரு வசவு நேர்ல வாங்கணும்" என்கிறார்கள். நாளடைவில் எல்லாருக்கும் பழைய வசவு மனப்பாடம். குழாய் பாதி சொன்னால் தெரு மீதியைச் சொல்லிவிடுகிறது. புதுசு வேண்டும் என்கிறார்கள்.

போன வாரம் ஹெலன் என் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஐஸ் கம்பெனியிலிருந்து வந்த நாளாக மாமியார் வீட்டில் ஒரு சொல் வைவதில்லையாம். சொல்லுக்குச் சொந்தக்காரர் உண்டு என்று தெரிந்துவிட்ட வாய், பிசினாறி வாய் ஆகிவிட்டது.

"நேத்து வேணும்னே குழம்புல மூணு தடவை உப்பு அள்ளிப் போட்டேன் சார். புளியும் கரைக்கல. போன்ல பதிவு ஓட விட்டு மொளகாப்பொடி டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுட்டு, சோத்தப் போட்டு முன்னாடி வச்சேன். ஒரு வாயி வச்சாக. கண்ணுல தண்ணி வந்துருச்சு. என்னப் பாத்தாக. அப்புறம் டப்பாவப் பாத்தாக."

"பாத்துட்டு?"

"'தேவாமிர்தமா இருக்குத்தா'ன்னு சொல்லிட்டு, இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாக சார்."